கேட்க ஆள் வருமுன் எரிந்த பச்சை விளக்கு

என் உயிர் மச்சான் அருளுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். காலையிலேயே ஸ்டெல்லாவும் நானும் கிள்ளானுக்கு வந்து, உன் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். மழை வரும்போல் இருந்ததால் ஃபாதர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். எல்லோரும் கிளம்பிய பிறகும் உன் தங்கை எழுந்திருக்கவில்லை. கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு உன்னிடம் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காதது, எனக்குத் தொப்பை விழுந்தது, ஒன்றையும் விடவில்லை.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கும் ஒரு சேதி இருந்தது. அவள் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

உன் டிரைவர் நிரலை ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதி முடித்துவிட்டோம். நல்ல சேதிதானே என்பாய். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள். அருள் என் மனைவியின் அண்ணன். அதற்கும் முன்னால் என் கல்லூரித் தோழன். லிஃப்டுக்குள் ஓர் அவசர அழைப்புப் பெட்டி இருக்குமே, ஒரு பட்டன், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், கேட்கத் தயார் என்று காட்டும் ஒரு பச்சை விளக்கு, அதைச் செய்யும் நிறுவனத்தில் அவன் வேலை பார்த்தான். பெட்டிக்குள் ஒரு சிறிய கணினி உண்டு. அதன் இயங்குதளத்தின் அடித்தளத்தில் இருப்பது கர்னல். பட்டனையும் மைக்கையும் கர்னலோடு சேர்த்துவைக்கும் நிரல்தான் டிரைவர். அதைச் சி மொழியில் எழுதியது இவன்.

மின்சாரம் வந்ததும் அந்த டிரைவர் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நினைவகத்தில் இடம் பிடிக்க வேண்டும், பூட்டுகளை அமைக்க வேண்டும், ஒலிச் சில்லை எழுப்ப வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் பட்டனுக்குக் கதவைத் திறக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் கர்னலுக்கு ஓர் அவசரக் குரல் போகும். இன்டரப்ட் என்போம். அது வந்தால் கர்னல் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடும். ஓடுகிற இடத்தில் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று அது கேட்காது.

நீ இதை எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னது நினைவிருக்கிறதா? கடைக்காரர் அன்றைக்குத் தாமதமாக வந்து, அரக்கப் பரக்க ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அடுப்பப் பத்த வெக்காம ஷட்டரத் தூக்குனா என்னாகும்டா தாஸ்? ஆளு உள்ள வந்து உக்காந்து தே தாரிக் கேப்பான். இங்க தண்ணியே கொதிக்கல. என்னத்த ஆத்துறது?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று மதியம்தான் உன் மேலாளர் குமரேசன் உன்னை அழைத்துப் பேசியிருந்தார். ஒலிச் சில்லு எழுவதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை பச்சை விளக்கு எரியாது. வாங்க வருகிறவர்கள் முன்னால் அந்தச் சில விநாடிகள் அவருக்கு ஒரு யுகமாகத் தெரிந்தன.

"பவர் போட்ட ஒடனே வெளக்கு எரியணும்லா அருள். கஸ்டமர் முன்னாடி பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்க முடியாது. பட்டன மொதல்ல ரெஜிஸ்டர் பண்ணி வெளக்கப் போட்டுரு. சவுண்டு மெதுவா வந்துக்கட்டும்."

"பாஸ், கரண்ட் போயிட்டு வர்ற நேரத்துலதான் உள்ள மாட்டுனவன் பட்டன அமுக்குவான். மத்த நேரத்துல அவனுக்கு எதுக்குப் பட்டன்?"

"அந்த ரெண்டு செகண்ட்ல எவன்யா அமுக்கப் போறான்?"

அவர் சொன்னதையும் நீ சொன்னதையும் அப்படியே நடித்துக்காட்டினாய். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், அவர் கேட்டபடியே வரிசையை மாற்றிக் கொடுத்தாய். ஏன் மச்சான்? இந்த ஒரு கேள்வியை உன்னிடம் உயிரோடு இருக்கும்போது நான் கேட்கவில்லை. கேட்டால் நீ நொந்துபோவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் எவ்வளவு தூரம்தான் மல்லுக்கட்டுவது என்றா? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கழுதை எப்படியோ போகட்டும் என்றா?

அம்பாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நடந்தது. மின்சாரம் போய் லிஃப்ட் பாதி வழியில் நின்றது. உள்ளே அங்கே குடியிருக்கும் பாக்கியம் ஆன்டி, கையில் சந்தைக்குப் போய்வந்த பாசார் பை, உடம்பில் சர்க்கரை நோய். மின்சாரம் வந்தது, லிஃப்ட் நகரவில்லை, பெட்டி விழித்தது, பச்சை விளக்கு எரிந்தது. எந்த மனிதரும் செய்வதைத்தான் அவர் செய்தார். பட்டனை அமுக்கினார். கர்னல் ஓடிப்போய், இன்னும் பிறக்காத ஒலிச் சில்லின் நினைவகத்தைத் தொட்டது. அப்படியே செத்து விழுந்தது. எரிந்த விளக்கு எரிந்தபடி இருந்தது. காவலுக்கு இருந்த ஜாகா அங்கிள் ரோந்து வந்து கதவைத் தட்டிக் கேட்கும்வரை ஆன்டி உள்ளேயே கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள்.

அப்புறம் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று, பெட்டியை வாங்கும் லிஃப்ட் நிறுவனத்துக்குச் சொல்லி முடித்தார்கள். நீ ராஜினாமா கொடுத்தாய். வேறு எந்த இடத்திலும் உன்னை எடுக்கவில்லை, இந்தத் துறை அவ்வளவு சின்னது. வாடகைக் கார் ஓட்டப் போனாய். ஒரு நாள் கிள்ளானில் ஆளை இறக்கிவிட்டு, காரை ஓரம் கட்டி, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் போய்ச் சேர்ந்தாய். மாரடைப்பு என்றார்கள். எனக்கு அந்த நோயின் பெயர் வேறாகத் தெரியும்.

உன்னைப் புதைத்து ஓராண்டு திரும்புமுன் அதே நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. கர்னலில் ரஸ்ட் எழுதத் தெரிந்தவன் வேண்டுமாம். ஸ்டெல்லா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்த சத்தத்திலேயே பதில் தெரிந்துவிட்டது.

"எங்கண்ணன் உசுர எடுத்த எடத்துல போயி சம்பளம் வாங்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"அவன் எழுதுனத வேற எவனோ தொடப் போறான் ஸ்டெல்லா. நான் தொட்டா அவன் பேரக் காப்பாத்துவேன்."

"காப்பாத்திக் கிழிச்சீங்க" என்று எழுந்து போனாள். பல நாள் பேச்சில்லை. ஆனாலும் நான் போனேன்.

ரஸ்ட்டை நீ பார்த்திருக்க வேண்டும் மச்சான். உனக்குப் பிடித்திருக்கும். சி மொழியில் நாம் என்ன செய்தோம்? ஒரு துண்டு நினைவகத்தை வாங்கி, பூஜ்யத்தால் நிரப்பி, ஒவ்வொன்றாக உள்ளே வைத்தோம். பாதி வைத்திருக்கும்போதே யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். கேட்பாரில்லை. ரஸ்ட்டில் அந்தப் பாதிப் பொருள் என்பதே கிடையாது. எல்லா உறுப்பும் நிரம்பினால்தான் அது பொருள். நிரம்பாததை இன்டரப்டிடம் கொடுக்கப் போனால் நிரலைச் சரிபார்த்துத் தொகுக்கும் கம்பைலர் கையைப் பிடித்துக்கொள்ளும்.

கர்னலுக்குள் அதைக் கொண்டுவந்ததில் ஒரு சிக்கல் இருந்தது. கர்னலின் பூட்டுகள் தாங்கள் இருக்கும் முகவரியைத் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்பவை. ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போனால் உடைந்துவிடும். ரஸ்ட்டோ எதையும் செய்து தூக்கிக் கொடுக்கும் பழக்கம் உள்ளது. அதனால் பொருளை அது கடைசிவரை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துக் கட்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுவில் ஏதாவது தவறினால் அதுவரை கட்டியதைத் தானே கலைத்துவிடும். நீ அதற்காக ஒவ்வொரு படிக்கும் goto என்று ஒரு தாவல் போட்டு, கலைக்கும் வரிசையைக் கையால் எழுதி வைத்திருந்தாய். அதில் ஒரு பிழைகூட இல்லை. அதையெல்லாம் நீக்க எனக்கு மனமே வரவில்லை.

என்னோடு வேலை செய்பவள் ஷாலினி, செமினியிலிருந்து வருகிறாள், கெட்டிக்காரி. முதல் வடிவத்தை அவள்தான் எழுதினாள். குமரேசன் கேட்ட பழைய வரிசையிலேயே, பட்டன் முதலில், ஒலி பிறகு. கம்பைலர் மறுத்துவிட்டது. அவள் என்னிடம் வந்து, "அண்ணே, இது ஒத்துக்க மாட்டேங்குது. சவுண்டு ரெடியாகாம குடுக்க மாட்டேன்னு அடம் புடிக்குது" என்றாள்.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். நீ குமரேசனிடம் வாய்விட்டுச் சொன்னதைத்தான் அது திரையில் சிவப்பெழுத்தில் சொன்னது. உன்னைப் பிடிவாதக்காரன் என்றார்கள். அதைச் செய்யும் கம்பைலருக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்து, பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன். குமரேசன் விடுவாரா? வரிசையை நேராக்கினால் விளக்கு தாமதமாகும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஷாலினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் அவள் நிரலில் ஒலிச் சில்லுக்கான இடம் 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று மாறியிருந்தது. தொடக்கத்தில் 'இல்லை' என்று வைத்துக்கொள்வது. பட்டனைத் திறந்து விளக்கைப் போடுவது. ஒலி எழுந்ததும் அந்த இடத்தில் வைப்பது. நடுவில் யாராவது அமுக்கினால், ஒலி இல்லை என்று கண்டு பேசாமல் திரும்பிவிடுவது. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டப்படி அதில் குற்றமில்லையே.

சியில் பழகிய நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. சி மொழியை ரஸ்ட் எழுத்தில் எழுதுவது. காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, பின்கதவு வழியாகப் போய் வருவது.

மேசையில் பெட்டியை வைத்து, கரண்ட் போய்வரும் நேரத்தில் அமுக்குவான் என்று நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். ஷாலினி பட்டனைப் பிடித்துக்கொண்டாள். நான் மின்சாரத்தை வெட்டி, திரும்பக் கொடுத்தேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒலி எழுமுன் அவள் அமுக்கிப் பார்த்தாள். அழைப்பு போய்ச் சேரும் மறுமுனையில் மணி அடிக்கவில்லை.

"கிராஷ் ஆகலையே அண்ணே. லாக் ஃபைல்ல ஒரு எரரும் இல்ல. க்ளீனா இருக்கு."

"க்ளீனாத்தான் இருக்கு. அமுக்குனது எங்க போச்சு?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. உன் டிரைவராவது செத்து விழுந்து, இங்கே ஏதோ நடந்தது என்று காட்டிக்கொடுத்தது. இது சாகாது. எதையும் காட்டிக்கொடுக்காது. உள்ளே ஓர் ஆள் அமுக்கியதைக் காதில் வாங்காமல், விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு நிற்கும்.

நான் குமரேசனிடம் போனேன். அவர் மறுக்கவேயில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்று உன்னிடம் வரிசையை மாற்றச் சொன்னது தான்தான் என்று சாதாரணமாக ஒப்புக்கொண்டார். "ஆனா அவன் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்லா தாஸ். எனக்கு கோடிங் தெரியுமா? அவனுக்குத்தான தெரியும்?" என்றார். அந்த இடத்திலேயே அடித்திருப்பேன்.

அடுத்த வாரம் லிஃப்ட் நிறுவனத்தாருக்கு நான்தான் விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவர் தயாரித்துக் கொடுத்த விளக்கப்படத்தில் இரண்டு வரி. பழைய டிரைவர்: எழுதியவரின் கவனக்குறைவு. புதிய டிரைவர்: ரஸ்ட், பாதுகாப்பானது. உன் பெயரையும் போட்டிருந்தார். இதைத்தான் உன் தங்கையிடம் சொல்ல முடியவில்லை.

"இத என்னால காட்ட முடியாது" என்றேன்.

"செத்தவன் பேருதான தாஸ். அவனுக்கு வலிக்கவா போகுது? உசுரோட இருக்குறவனுக்குத்தான் வேல போகும்" என்றார். மிரட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. நம் ஆள், நம் மொழி, தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொடுக்கிறவர். அந்தக் குரலில் சொன்னார்.

கூட்டத்தன்று நான் அந்தப் படத்தைத் திறக்கவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து மின்சாரத்தை வெட்டி, திரும்பக் கொடுத்தேன். வந்திருந்தவர்களில் ஓர் அம்மாவிடம் பட்டனை அமுக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அமுக்கினார். ஒன்றுமில்லை. "பழைய பெட்டியில் இருந்த அதே குறை இதிலும் இருக்கிறது. எழுதியவர் மாறிவிட்டார், மொழி மாறிவிட்டது, வரிசையை மாற்றச் சொன்னவர் மாறவில்லை. அருள் வேண்டாமென்று சொன்னான். சொல்லியும் செய்ய வைத்தார்கள்" என்றேன்.

யாராவது உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியானதை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

சரியானதைக் கொடுத்துவிட்டோம். பூட்டுகள், நினைவகம், ஒலி, எல்லாம் அதனதன் இடத்தில் பிறந்த பிறகு, கடைசியாகப் பட்டன். அதற்கும் பிறகுதான் விளக்கு. அணையும்போது பட்டன் முதலில் மூடிக்கொள்ளும். ரஸ்ட்டில் உறுப்புகளை அறிவித்த வரிசையில்தான் அவை கலையும் என்பதால், கடைசியில் பிறக்கும் பட்டனை எல்லாவற்றுக்கும் மேலே முதலில் அறிவிக்க வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடித்தது ஷாலினி. கடை சாத்தும்போது முதலில் ஷட்டர் இறங்க வேண்டும் என்று நீயும் சொல்லியிருப்பாய்.

என் வேலை போகவில்லை, என்னை விட்டால் அவர்களுக்கு ஆளில்லை. குமரேசன் படத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு, 'பழைய வடிவமைப்பின் குறை' என்று எழுதிக்கொண்டார். புதிய மொழி பிழையைக் கண்டுபிடித்தது என்று மேலிடத்தில் பாராட்டு வாங்கினார். உன்மேல் தவறில்லை என்று ஒருவரும் எங்கும் சொல்லவில்லை. பழியை நீக்கு என்று கேட்டேன், ஆளையே நீக்கிவிட்டார்கள். பெயரைக் காப்பாற்றுவேன் என்று அவளிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போனேனே, இதுதான் நான் காப்பாற்றிய லட்சணம்.

ஒன்று செய்தேன். டிரைவர் நிரலில் எழுதியவர் பெயரைப் போட ஓர் இடம் உண்டு. அங்கே உன் பெயரை முதலிலும், ஷாலினி பெயரை அடுத்தும், என் பெயரைக் கடைசியிலும் போட்டேன். குமரேசன் எட்டிப் பார்த்துவிட்டு, "போட்டுக்கோலா. அத எவன் படிக்கப் போறான்?" என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் அது இருக்கிறது. நீ இல்லாத இத்தனை லிஃப்டில் உன் பெயர் ஏறி இறங்குகிறது.

போன சனிக்கிழமை நான் மட்டும் அம்பாங்குக்குப் போனேன். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுவதைப் பார்க்க. பாக்கியம் ஆன்டி அங்கேயேதான் இருக்கிறார். படியேறித்தான் போகிறாராம், லிஃப்டைத் தொடுவதில்லை. நான் யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மைலோ கலந்து கொடுத்தார். அன்றைக்கு உள்ளே என்ன செய்தீர்கள் ஆன்டி என்று கேட்டேன்.

"பச்ச வெளக்கு எரிஞ்சிச்சு தம்பி. சரி, யாரோ கேக்குறாங்க, அவங்களுக்குத்தான் பதில் பேச முடியல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதனால பேசிக்கிட்டே இருந்தேன். வீட்டு நம்பரச் சொன்னேன், மக பேரச் சொன்னேன், சுகர் மாத்திர எங்க இருக்குன்னு சொன்னேன். அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம, சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னேன். வெளக்கு எரியுதுல்ல, விட்டுட்டா போயிருவாங்களோன்னு பயம்."

மைலோவை என்னால் குடிக்க முடியவில்லை.

இன்று காலை உன் தங்கை பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஆன்டிதான் நினைவுக்கு வந்தார். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் நீ போய்விடுவாய் என்பதுபோல ஸ்டெல்லா விடாமல் பேசினாள். போதும் எழுந்திரு, நனைகிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். நான் அங்கே இருக்கும்வரை, கேட்க ஆள் தயாராகும் முன்னால் எந்தப் பெட்டியிலும் பச்சை விளக்கு எரியாது. எவன் சொன்னாலும் சரி. உன் பெயரை அந்த வரியிலிருந்து எடுக்கிற அன்று நானும் எழுந்து வந்துவிடுவேன். உனக்கு இது கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த வருடமும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேசுவோம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
அதற்கும் முன்பே உனக்கு மச்சானாக இருந்தவன்,
தாஸ்